எண்ணெய்ப் பார்சலும் தெர்மல் லேபிள் பிரிண்டரும்: ஒன்றரை ஆண்டு அனுபவம்

காங்கேயத்துக்கு அருகில் எங்கள் குடும்பம் ஒரு மரச்செக்கு நடத்துகிறது. அதில் ஆட்டும் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை இணையத்தின் வழியே விற்று, நாளொன்றுக்கு 20 முதல் 30 பார்சல்கள் வரை அனுப்புகிறோம். நான்கு அங்குல அகலமுள்ள தெர்மல் லேபிள் பிரிண்டர் ஒன்றை ஒன்றரை ஆண்டுக்கு முன்பு 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஏறத்தாழ இதே அமைப்புள்ள கருவிகள் பல பெயர்களில் சந்தையில் கிடைக்கின்றன. ஆகவே ஒரு நிறுவனத்தை முன்னிறுத்தாமல், இந்த வகைக் கருவி எங்களைப் போன்ற சிறு விற்பனையாளருக்கு, குறிப்பாக எண்ணெயும் மசாலாவும் கையாளுகிறவர்களுக்கு, எந்த அளவுக்கு உதவும் என்பதை எழுதுகிறேன்.

அதற்கு முன்பு சாதாரண ஏ4 தாளில் அச்சிட்டு, கத்தரியால் வெட்டி, பெட்டியின் மேல் வைத்து அகல டேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பார்சலுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் நாளுக்கு ஒரு மணி நேரம் அதிலேயே போனது. நேர இழப்பைவிடப் பெரிய தொல்லை, வெட்டிய தாள்கள் மேசையில் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான். நாகர்கோவிலுக்குப் போக வேண்டிய ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் ஓசூருக்கும், ஓசூர்க்காரரின் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் நாகர்கோவிலுக்கும் போய்ச் சேர்ந்த அன்றுதான் இந்தக் கருவியை வாங்கும் முடிவுக்கு வந்தேன். இப்போது ஆர்டர் வரிசைப்படி ஒரு லேபிள் வெளியே வந்ததும் அதைக் கிழித்து அந்தப் பெட்டியிலேயே ஒட்டிவிட்டுத்தான் அடுத்ததை அச்சிடுகிறோம். அதன் பிறகு ஒரு முகவரியும் மாறவில்லை. செலவைப் பார்த்தால் லேபிள் ஒன்றுக்கு எங்களுக்கு 80 காசு ஆகிறது. பழைய முறையில் தாள், டோனர், டேப் எல்லாம் சேர்ந்து இதைவிட அதிகம் வந்தது என்றாலும், வித்தியாசம் பெரிதில்லை. காசை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இதை வாங்க வேண்டியதில்லை.

இதில் மை கிடையாது. லேபிள் தாளின் மேற்பூச்சு சூடு பட்டால் கறுக்கும் தன்மை கொண்டது. ஹெட் என்று சொல்லப்படும் அச்சுமுனையில் வரிசையாக இருக்கும் நுண்ணிய சூடேற்றும் புள்ளிகள், தாள் நகரும்போது தேவையான இடத்தை மட்டும் சுட்டுக் கறுப்பாக்குகின்றன. அச்சின் நுணுக்கம் 203 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 203 புள்ளிகள்) என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளிகள். கூரியர் லேபிளுக்கு அது தாராளமாகப் போதும். புதிய ரோல் போட்டதும் லேபிள்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கருவி அறிந்துகொள்ளும்படி ஒருமுறை அளவு சரிபார்க்க வேண்டும். தாள் அளவை 100க்கு 150 மில்லிமீட்டர் என்று கணினியிலும் தவறாமல் அமைக்க வேண்டும். கருவியை விற்ற கடைக்காரர் இந்த இரண்டையும் சொல்லவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. முதல் நாள் 40 லேபிள்கள் பாதி பாதியாக அச்சாகி வீணாயின.

வெப்பத்தால் அச்சாகும் தாளுக்கு வெப்பமே பகை. அதைவிட வேகமாக அதைக் கெடுப்பது எண்ணெய். எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்து மெல்ல வெளிறி, சில நாட்களில் வெற்றுத் தாளாகிவிடுகிறது. முதல் கோடையில் ஒரு பெட்டிக்குள் மூடி தளர்ந்து கசிந்த கடலை எண்ணெய் அட்டையை ஊறவைத்து, மேலே இருந்த லேபிளின் பாதியை அழித்துவிட்டது. பார்கோடு படிக்க முடியாத அந்தப் பார்சல், ஒரு கூரியர் நிறுவனத்தின் கிடங்கில் 12 நாள் கேட்பாரற்றுக் கிடந்து திரும்பி வந்தது. லேபிளைக் காப்பதாக நினைத்து அதன் மேல் டேப் ஒட்டுவது இன்னொரு தவறு. பல டேப்புகளின் பசையிலுள்ள வேதிப்பொருள் நாளடைவில் தெர்மல் அச்சை வெளிறச் செய்கிறது. போதாக்குறைக்கு, டேப்பின் பளபளப்பில் ஸ்கேனரும் தடுமாறுகிறது.

இப்போது எங்கள் வழக்கம் வேறு. புட்டிகளை முதலில் தனித்தனியே பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுகிறோம். லேபிளைப் பெட்டியின் மேற்புறத்தில் டேப் எதுவும் போடாமல் நேரடியாக ஒட்டி, பக்கவாட்டில் ஆர்டர் எண்ணையும் வாங்குபவரின் பின்கோடையும் அழியாத மார்க்கரில் கையால் எழுதிவிடுகிறோம். மேலே பாதுகாப்புப் பூச்சுள்ள லேபிள் ரோல் சற்று விலை கூடுதல். இருந்தாலும் எண்ணெய், ஊறுகாய், தைலம் விற்பவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். கருவி வாங்கும்போது நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்குமா என்று தேடுவதைவிட, தாளில் அந்த நூறைக் கூடுதலாகச் செலவிடுவது நல்லது.

இதோடு சேர்த்து, பல சிறு விற்பனையாளர்கள் செய்கிற ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். பிரிண்டர் கையில் இருக்கிறதே என்று, புட்டியின் மேல் ஒட்டும் பொருள் லேபிளையும் இதிலேயே அச்சிடுகிறார்கள். பார்சல் லேபிள் வாழ வேண்டியது ஒரு வாரம்; புட்டி லேபிள் மாதக்கணக்கில் அடுப்பங்கரையில் இருக்க வேண்டியது. தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை சட்டப்படி அதில் தெளிவாக இருந்தாக வேண்டும். அடுப்புச் சூட்டிலும் எண்ணெய்க் கையிலும் அந்த விவரங்கள் ஒரே மாதத்தில் மறைந்துபோகும். அதற்கு மை நாடாவை உருக்கிப் பதிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டர் வேண்டும். இல்லையென்றால் அச்சகத்தில் அடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அச்சகத்தில்தான் அடிக்கிறோம்.

தமிழில் அச்சிடுவது பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் நேரடியாக ஆர்டர் தருகிறவர்கள், பெரும்பாலும் ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள், முகவரியைத் தமிழில்தான் அனுப்புகிறார்கள். கருவியோடு வந்த கைபேசிச் செயலியில் அதை ஒட்டினால் ஒற்றைக் கொம்பும் காலும் இடம் மாறி, கொடுமுடி என்பது படிக்க முடியாத கோலமாக வந்தது. கணினியில் தட்டச்சு செய்து பி.டி.எஃப். கோப்பாக மாற்றி அச்சிட்டால் அந்தச் சிக்கல் முழுமையாகத் தீர்கிறது. ஒன்பது பாயிண்டுக்குக் குறைந்த எழுத்தளவில் ண, ன ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டு ஒன்றுபோலத் தெரிகின்றன. அச்சின் அடர்த்தியைக் குறைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகிறது. 12 பாயிண்ட் அளவும் நடுத்தர அடர்த்தியும் எங்களுக்குச் சரியாக அமைந்தன. வெளிமாநிலத்துக்குப் போகும் பார்சலில் முகவரியை ஆங்கிலத்தில் போடுகிறோம். எந்த மொழியானாலும் பின்கோடை மட்டும் மிகப் பெரிய எழுத்தில் போடுகிறேன். 1972ஆம் ஆண்டு முதல் இந்த நாட்டில் கடிதமும் பொருளும் ஊர் தேடிப் போவதற்குத் துணை நிற்கும் அந்த ஆறு இலக்கங்கள் சரியாக இருந்தால், தெருப் பெயரில் பிழை இருந்தாலும் பார்சல் அந்த வட்டார அலுவலகம் வரையாவது போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பராமரிப்பு எளிது, ஆனால் தவறக் கூடாது. ஒவ்வொரு ரோல் முடிந்ததும் கருவியை அணைத்து, ஹெட் ஆறிய பிறகு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். கைக்குப் போடும் சானிடைசர் ஜெல் இதற்கு ஆகாது. மலிவான லேபிள்களின் பசை சித்திரை வெயிலில் இளகி உருளையில் ஒட்டிக்கொள்கிறது. செக்கிலிருந்து வந்த கையோடு ரோலைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதியாகவே ஆகிவிட்டது.

நாளுக்கு நான்கைந்து பார்சல் மட்டுமே அனுப்புகிறவர்களுக்கு இந்தக் கருவி தேவையில்லை. தாளும் பசையும் போதும். பத்தைத் தாண்டினால் தயங்காமல் வாங்கலாம். வாங்குமுன் உத்தரவாத அட்டையை ஒருமுறை படித்துப் பாருங்கள். எனக்குக் கிடைத்த அட்டையில் ஓராண்டு உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ஹெட் அதில் அடங்காது என்பதைக் கடைசி வரியில் சொல்லியிருந்தார்கள். தேயக்கூடிய முதன்மையான பாகமே அதுதான்.

என் கருவியின் ஹெட்டில் ஒரு புள்ளி சென்ற மாதம் செத்துவிட்டது. ஒவ்வொரு லேபிளிலும் இடப்புறத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழாக ஓடுகிறது. பார்கோட்டின் கோடுகளும் அதே திசையில் இருப்பதால், வெள்ளைக் கோடு அங்கே விழுந்தால் ஒரு முழுக் கோட்டையே விழுங்கிவிடும். இப்போதைக்கு அது முகவரிப் பகுதியின் ஓரத்தில் மட்டும் விழும்படி, பார்கோட்டை வலப்புறம் சற்றுத் தள்ளி அமைத்துச் சமாளித்து வருகிறேன். புதிய ஹெட்டின் விலை கருவியின் விலையில் பாதி வரும் என்கிறார்கள். தீபாவளி ஆர்டர்கள் தொடங்குவதற்குள் அதை மாற்றிவிடுவேன்.