பனியன் கம்பெனியின் 42 கணினிகளில் லிப்ரே ஆபிஸ்: பதினோரு மாத அனுபவம்

திருப்பூரில் அவிநாசி சாலையை ஒட்டிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணினிப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவதாக இருந்ததால், பழைய கணினிகளில் பெரும்பாலானவற்றை மாற்ற வேண்டி வந்தது. கணினி வாங்கியதிலேயே பணம் கரைந்துவிட, ஒவ்வொன்றுக்கும் அலுவலக மென்பொருளுக்கு உரிமம் வாங்கும் நிலை இல்லை. கணக்கு, பேக்கிங், ஸ்டோர்ஸ், அலுவலகம் ஆகிய பிரிவுகளின் 42 கணினிகளுக்கு, இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான். ஒரு கணினியில் நன்றாக ஓடுகிறதா என்பது எனக்குக் கேள்வியாக இல்லை. 42 மேசைகளிலும் ஒரே மாதிரி ஓடவைக்க முடியுமா என்பதே கேள்வியாக இருந்தது.

நிறுவும் வேலை நான் அஞ்சியதைவிட எளிதாக முடிந்தது. விண்டோஸுக்கான பதிப்பு எம்எஸ்ஐ (விண்டோஸ் தானே நிறுவிக்கொள்ளக்கூடிய வடிவம்) கோப்பாகவே கிடைப்பதால், அதைச் சர்வரில் ஒரு பகிர்வுக் கோப்புறையில் வைத்து, பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் வசதியான குரூப் பாலிசி வழியாகக் கணினி தொடங்கும்போதே தானாக நிறுவச் செய்தேன். இடைமுகத்துக்கு எந்தெந்த மொழிகள் வேண்டும், மேசைத் திரையில் குறுக்குவழி வேண்டுமா, வேர்ட், எக்செல் கோப்புகளைத் திறக்கும் பொறுப்பை இது ஏற்க வேண்டுமா என்பவற்றையெல்லாம் நிறுவும்போதே அளவுருக்களாகக் கொடுத்துவிடலாம். ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், பெரிய வெளியீடு வருகிறது. அலுவலகத்துக்குப் புதியதை எடுக்காமல், திருத்தங்கள் பல கண்ட முந்தைய வரிசையை எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

நிறுவிய கையோடு விட்டிருந்தால் ஒரே வாரத்தில் எல்லோரும் பழையதையே கேட்டிருப்பார்கள். இந்த மென்பொருள் இயல்பாகச் சேமிப்பது ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவத்தில். அது 2006-லேயே ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் பேக்கிங் லிஸ்ட்டை எதிர்பார்த்திருக்கும் ஷிப்பிங் ஏஜென்ட்டிடம் அந்தப் பெருமையைச் சொல்லிப் பயனில்லை. எனவே இயல்பு வடிவத்தை எக்செல், வேர்ட் கோப்புகளாக மாற்றினேன். வேறு வடிவத்தில் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் எழும் எச்சரிக்கைக் கேள்வியையும் நிறுத்தினேன். இவற்றை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியின் (அமைப்புகள் சேமிக்கப்படும் தரவுத்தளம்) பாலிசிப் பகுதியில் எழுதி, 'இறுதியானது' என்று குறித்துவிட்டால், பயனர் அந்த அமைப்பை மாற்ற முடியாது. விருப்பங்கள் பெட்டியில் அதன் அருகே சிறு பூட்டுப் படம் தெரியும். எந்த அமைப்பு எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதில்தான் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பெயர்கள் இன்றும் இதன் முன்னோடியான ஓப்பன் ஆபிஸ் காலத்துப் பெயர்களே. பயனரின் சொந்த அமைப்புகள் இருக்கும் கோப்புறையின் பெயரும் பதிப்பு எண் எங்கோ போன பிறகும் '4' என்றே நிற்கிறது.

மிகுதியாக நேரத்தைத் தின்றது தமிழ் எழுத்துருதான். லிப்ரே ஆபிஸ் எழுத்துகளை மேற்கத்தியம், ஆசியம், சிக்கலான எழுத்தமைப்பு என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துருவும் தனி அளவும் வைத்துக்கொள்கிறது. தமிழ் மூன்றாவது வகையில் சேர்கிறது. பத்தியின் பாணியில் (ஸ்டைல்) ஆங்கில எழுத்தின் அளவை 11 என்று மாற்றினால், அதே வரியில் உள்ள தமிழ் பழைய 12-லேயே நிற்கும். தொழிலாளர் அறிவிப்புகள் ஒரு வரி பெரிதும் ஒரு சொல் சிறிதுமாக வந்ததற்குக் காரணம் இதுவே. இரண்டு வகைக்கும் ஒரே அளவு வைத்த வார்ப்புருக்களை (டெம்ப்ளேட்) சர்வரில் வைத்து, அவற்றின் பாதையைப் பாலிசியிலேயே சேர்த்த பிறகு இந்தப் புகார் நின்றது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த, பழைய யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள் வேறு கதை. பேக்கிங் பிரிவின் மூத்த கண்காணிப்பாளர் ஒருவர், "ஏனுங்க தம்பி, நான் அடிச்சது தமிழுங்க, இதென்ன இங்கிலீசு மாதிரி தெரியுது?" என்று அழைத்துக் காட்டினார். அந்த எழுத்துரு புதுக் கணினியில் இல்லை, அவ்வளவுதான்; அந்தப் பழியை மென்பொருளின் மேல் போட முடியாது. எழுத்துருவையும் சேர்த்து நிறுவிவிட்டு, புதிய கடிதங்களை யூனிகோடில் அடிக்கச் சொன்னோம். தமிழ் இடைமுகத்தை ஆசையாக வைத்துப் பார்த்த இருவர், இரண்டே நாளில் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டனர்.

பிடிஎஃப் ஆக்கும் வசதி எனக்கு மிகவும் பிடித்தது. திரையைத் திறக்காமல் கட்டளை வழியாகவே ஒரு கோப்புறை முழுவதையும் பிடிஎஃப் ஆக மாற்றலாம். மாலை ஏழு மணிக்கு அன்றைய இன்வாய்ஸ்களும் பேக்கிங் லிஸ்ட்டுகளும் தானாக மாறிவிடுகின்றன. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தக் கணினியில் யாரேனும் லிப்ரே ஆபிஸைத் திறந்து வைத்திருந்தால், மாற்றும் வேலை பிழை எதுவும் சொல்லாமலே நடக்காமல் போய்விடக்கூடும். கட்டளையில் தனிப் பயனர் கோப்புறையைக் குறிப்பிட்டுவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. இதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு கண்டெய்னரின் ஆவணங்கள் ஒரு நாள் தாமதமாயின.

பொதுக் கோப்புறையில் உள்ள கோப்பைத் திறந்ததும் அதன் பக்கத்தில் ஒரு பூட்டுக் கோப்பை இது எழுதி வைக்கிறது. மின்சாரம் திடீரென நின்றால் அந்தப் பூட்டு அழியாமல் கிடந்து, அடுத்தவர் திறக்கும்போது "இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார்" என்று காட்டும். யூபிஎஸ் இல்லாத ஸ்டோர்ஸ் பிரிவில் இது மாதம் இரண்டு மூன்று முறை நடக்கிறது.

ஆர்டர்களைக் கையாளும் மெர்ச்சண்டைசிங் பிரிவின் ஒன்பது கணினிகளில் இதை நிறுவவில்லை. அவை அந்த 42-இல் சேரா. பையர்கள் அனுப்பும் ஆர்டர் ஷீட்டுகளிலும், எங்கள் காஸ்டிங் (விலைக் கணக்கு) ஷீட்டுகளிலும் எக்செல் மேக்ரோக்கள், அதாவது கோப்புக்குள்ளேயே எழுதப்பட்ட சிறு நிரல்கள், நிறைந்திருக்கின்றன. சோதித்துப் பார்த்தபோது சில ஓடின, சில பாதியில் நின்றன. ஒரு பீஸுக்கு ஐம்பது பைசா தவறினாலும் ஆர்டரே நட்டமாகும் இடத்தில் 'சில ஓடின' என்பது போதாது. அந்த ஒன்பதுக்கு மட்டும் உரிமம் வாங்கியிருக்கிறோம். காஸ்டிங் ஷீட்டுகளை மேக்ரோ இல்லாமல், வெறும் சூத்திரங்களைக் கொண்டே மறுபடி எழுதும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினேழில் ஐந்து முடிந்திருக்கின்றன.