ஆணிப் பலகையில் வராத முக்கோணம்

மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ரூ.1,400 கொடுத்து ஒரு பிளாஸ்டிக் வடிவப் பெட்டி வாங்கினேன். பதினைந்தே நாளில் அலுத்துவிட்டது. இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு, பெட்டி பரணில். இரண்டு ஆண்டுகளாக உழைப்பது, பெரம்பூரில் எங்கள் தெருத் தச்சரிடம் கேட்டு வாங்கிய பிளைவுட் துண்டில் நானே அடித்த ஆணிப் பலகைதான்.

ஒரு சதுர அடிப் பலகை, 5 செ.மீ. இடைவெளியில் வரிசைக்கு 5 வீதம் 25 ஆணிகள், கொஞ்சம் ரப்பர் பேண்ட். 1950-களில் காலெப் கட்டெக்னோ என்ற கணித ஆசிரியர் வகுப்பறைக்குக் கொண்டுவந்த ஜியோபோர்டு இதுதான்.

என் மகளுக்குச் சதுரம் நேராக நின்றால்தான் சதுரம். மூலையில் நின்றால் ‘டைமண்ட்’. ஒரு நாள் வெளி ஓரத்து ஆணிகளைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி, நான்கு பக்கங்களின் நடு ஆணிகளை இணைத்து இன்னொன்றும் மாட்டினேன். “உள்ளே இருப்பது என்ன?” “டைமண்ட், அப்பா.” பலகையைச் சற்றே திருப்பி வைத்தேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள்: முழுக் கட்டம் நான்கு, அரைக் கட்டம் எட்டு, ஆக எட்டு. வெளியே பதினாறு. “சரிபாதி!” என்று அவள் கத்தியதில் அடுக்களையில் இருந்த பாட்டி எட்டிப் பார்த்தார்.

குறைகளும் உண்டு. முதல் ஐப்பசி மழைக்கே இரும்பு ஆணிகள் துருப்பிடித்தன. பித்தளை ஆணிக்கு மாறினேன். சென்னை மே மாத வெயிலில் ரப்பர் பேண்ட் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது. இப்போது தலைமுடிக்குப் போடும் சின்ன பேண்ட்தான்.

பெரிய குறை வேறு. மூன்று பக்கமும் சமமான முக்கோணம் இதில் வராது. அரை மணி நேரம் இருவரும் முயன்றோம். அடிப்பக்கத்தை எப்படி வைத்தாலும் உச்சிக்கு ஆணி கிடைப்பதில்லை. சதுரக் கட்டத்தில் அது முடியவே முடியாது. உயரத்தில், பின்னமாகக்கூட எழுத முடியாத மூன்றின் வர்க்கமூலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது; ஆணிகளோ முழுக் கட்டக் கணக்கில்தான் நிற்கின்றன. பலகை செய்யும்போது எனக்கு இது தோன்றவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தீர்வு வாசலில் இருந்தது. “நேர்ப்புள்ளியில் எப்படி வரும்? இடைப்புள்ளி வைத்துப் பார்” என்றார் வாசலில் கோலம் போடும் என் அம்மா. ஒரு வரிசையின் புள்ளி, முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே வருவதுதான் இடைப்புள்ளி. ஏழில் தொடங்கி இருபுறமும் நான்கு வரை இறங்கும் கோலம், மொத்தம் 37 புள்ளிகள். அருகருகே உள்ள மூன்று புள்ளிகளைச் சேர்த்தால் நாங்கள் தேடிய முக்கோணம். ஸ்கேல் வைத்துச் செய்வதானால், புள்ளிக்குப் புள்ளி 10 செ.மீ. என்றால் வரிசைக்கு வரிசை சுமார் 8.7 செ.மீ. வர வேண்டும். அம்மாவின் கை அளக்காமலேயே ஏறக்குறைய அதில் விழுகிறது. அதற்குப் பிறகு மெரினாவின் முக்கோணக் கலங்கரை விளக்கத்தைக் கண்டாலும், “மூன்று பக்கமும் சமமா?” என்று கேட்கிறாள்.

கவராயம் நான்காம் வகுப்பில்தான் கொடுத்தேன். மலிவானதில் திருகு தளர்ந்து வட்டத்தின் தொடக்கமும் முடிவும் சந்திக்காது. முதலில் பிள்ளையின் கையைக் குறை சொன்னேன், தவறு திருகினுடையது. இறுக்கிவிட்டு, ஊசி வழுக்காமலிருக்கத் தாளின் அடியில் பழைய நோட்டுப் புத்தகம் வைத்தால் போதும். அதே அகலத்தில் வட்டத்தைச் சுற்றி வந்தால் ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. அந்த ஆறு இடங்களிலும் ஊசியை ஊன்றி வில் போட்டால் ஆறிதழ்ப் பூ. அதை வரைந்து ஒரு நோட்டு முழுவதையும் தீர்த்தாள்.

கோணமானிதான் இன்னும் தகராறு. இரண்டு வரிசை எண்களில் எதைப் படிப்பது என்று குழம்பி 60-ஐ 120 என்கிறாள். அளக்கும் முன்பே “செங்கோணத்தைவிடச் சின்னதா, பெரியதா?” என்று சொல்லச் சொல்கிறேன். பாதி நாள் பலிக்கிறது. போதாக்குறைக்கு, ஓராண்டில் அச்சு தேய்ந்து 40 முதல் 70 வரை எண்களே காணவில்லை. அடுத்தது வாங்கும்போது நகத்தால் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். கடைக்காரர் முறைத்தாலும் சரி.