மாதாமாதம் சோதிக்கச் சொல்வதா, மாற்றம் தெரிந்தால் வரச் சொல்வதா?

விரைப் புற்றுநோய் அரிதானது. ஆனால் பெரும்பாலும் இளம் வயதில் வருகிறது. இளைஞர்களிடம் இதை எப்படிப் பேசுவது?

மாதம் ஒருமுறை சுயபரிசோதனை செய்யச் சொல்வது ஒரு வழி. செலவில்லை, குளித்து முடித்ததும் சில நிமிடங்கள் போதும், கூச்சமும் குறையும். ஆனால் இது உயிரைக் காக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றே அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2011-இல் பரிந்துரைத்தது. நோய் பரவிய பிறகும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து சேர்ந்த சிகிச்சையில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அதனால் முன்கூட்டிக் கண்டறிந்து கூடுதலாகப் பெறும் பலன் சிறிது. இன்னொரு பக்கம், விரையின் பின்புறம் இயல்பாகவே இருக்கும் எபிடிடிமிஸ் என்ற விந்தணுச் சுருள்குழாயைக் கட்டியென்று நினைத்துத் தூக்கம் தொலைப்பவர்கள் உண்டு. நலமாக இருப்பவரிடம் நாமே போய் ஒன்றைச் செய்யச் சொன்னால், அது பலன் தரும் என்று காட்டும் பொறுப்பும் நம்முடையதுதான்.

இன்னொரு வழி: உங்கள் உடலின் இயல்பை அறிந்திருங்கள், வலியில்லாத கட்டியோ வீக்கமோ கனமோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் வாருங்கள் என்பது. எனக்கு இதுவே நேர்மையாகப் படுகிறது. மறந்துபோன மாதத்துக்காக யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. பிறவியில் விரை விதைப்பைக்குள் இறங்காதவர்கள், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்நோய் வந்தவர்கள் கதை வேறு; அவர்களுக்கு ஆபத்து அதிகம், மருத்துவர் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும்.