நவ்யா இரண்டாவது கருத்துச் சேவை: திங்கட்கிழமை நடக்காத என் அறுவை சிகிச்சை

மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்தது வெள்ளிக்கிழமை. அடுத்த திங்களே அறுவை சிகிச்சை என்று தேதி கொடுத்துவிட்டார்கள். இடது மார்பகத்தில் 2.6 செ.மீ. கட்டி, மார்பகம் முழுவதையும் எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். கட்டியை மட்டும் எடுக்க முடியாதா என்று கேட்டேன். "ஐம்பத்தொரு வயதாகிவிட்டதே அம்மா, இனி எதற்கு?" என்றார். பக்கத்தில் இருந்த என் கணவர் தலையாட்டினார். எனக்கு அந்த "எதற்கு" நெஞ்சில் தைத்துவிட்டது.

என் நாத்தனார் மகள் செவிலியர். "அத்தை, ஒன்றிரண்டு வாரம் யோசிக்க நேரம் இருக்கிறது. கையெழுத்துப் போடாதீர்கள்" என்றாள். மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையோடு இணைந்து இயங்கும் நவ்யா பற்றிச் சொன்னவளும் அவள்தான். அறிக்கைகளை இணையத்தில் ஏற்றினால் புற்றுநோய் நிபுணர்களின் கருத்து எழுத்தில் வந்துவிடும். மும்பைக்குப் போக வேண்டியதில்லை. கட்டணம் உண்டு. துணைக்கு ஓர் ஆளோடு திண்டுக்கல்லிலிருந்து மும்பை போய் அறை எடுத்துத் தங்கும் செலவை நினைத்துப் பார்த்துக் கட்டினேன்.

அனுப்பும் முன் ஒரு மாலை முழுவதும் நோட்டில் கேள்வியை எழுதி எழுதி அடித்தேன். முதலில் எழுதியது "எனக்குக் குணமாகிவிடுமா?" என்றுதான். கடைசியில் நின்றது இது: "மார்பகத்தைக் காக்கும் அறுவை சிகிச்சை எனக்குப் பொருந்துமா? முதலில் அறுவையா, மருந்தா?" மாணவர்களிடம் கேள்வியைத் தெளிவாகக் கேள் என்று இருபத்தாறு ஆண்டுகள் சொன்னவள் நான். இந்த ஒரு கேள்விக்குத்தான் அத்தனை பாடுபட்டேன்.

அறிக்கையைப் பார்த்ததும் அவர்கள் கேட்டது, ஃபிஷ் பரிசோதனை முடிவு எங்கே என்று. ஹெர்-2 என்பது சில மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் அளவுக்கு மேல் இருக்கும் ஒரு புரதம். என் பயாப்சியில் அது "2+" என்றிருந்தது. அது ஆம் என்றும் சொல்லாத, இல்லை என்றும் சொல்லாத முடிவு. அந்தப் புரதத்துக்கான மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் செய்தால்தான் உறுதியாகும். அதைச் செய்யாமலேயே எனக்கு அறுவைக்குத் தேதி குறித்திருந்தார்கள்.

அந்தப் பரிசோதனைக்கு, பயாப்சியில் எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி வேண்டும். முதலில் பார்த்த மருத்துவமனையில் அதையும் தரவில்லை, மருத்துவப் பதிவுகளின் நகலையும் தரவில்லை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன். மறுநாள் இரண்டுமே வந்தன. தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, அதன் நடுவே எள்ளளவு பழுப்பாக நான். வெயிலில் உருகிவிடுமோ என்று மதுரை பஸ்ஸில் ஈரத்துணி சுற்றிய டப்பாவுக்குள் வைத்து மடியிலேயே பிடித்திருந்தேன்.

ஃபிஷ் பாசிட்டிவ், அதாவது ஹெர்-2 உண்டு என்று உறுதியானது. அதன் பிறகு வந்த கருத்து அறிக்கை என் சிகிச்சையின் வரிசையையே மாற்றியது: முதலில் கீமோதெரபியும், ஹெர்-2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியும், கட்டி சுருங்கிய பிறகு அறுவை. சுருங்கினால் இடம் தெரியாமல் போய்விடும் என்பதால் கட்டிக்குள் ஒரு சிறு உலோகக் கிளிப் வைக்க வேண்டும் என்பதையும் அதில்தான் படித்தேன். பொருத்தமானவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்தால் ஆயுளில் குறைவில்லை என்று இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்டிருக்கிறார்கள். எனக்கு இதை யாரும் சொல்லவே இல்லை.

மதுரையில் வேறொரு மருத்துவரிடம் அந்த அறிக்கையைக் கொண்டுபோனேன். முழுவதும் படித்துவிட்டு, "இப்படியே செய்யலாம்" என்றார். மார்பகம் இருக்கிறது. கதிர்வீச்சு 15 நாள் முடிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி இன்னும் தொடர்கிறது.

இந்தச் சேவையில் யாரும் உங்களைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நீங்கள் அனுப்பும் காகிதம்தான் அவர்களுக்கு நோயாளி. எனக்கு வந்த அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. என் மகள் வரி வரியாகச் சொல்ல, நான் தமிழில் எழுதிக்கொண்டு கணவருக்குப் படித்துக் காட்டினேன். அடுத்த முறை மருத்துவர் முன்னால் என்னைவிட அதிகம் கேள்வி கேட்டது அவர்தான்.

அனுப்பப் போகிறவர்கள் பயாப்சி அறிக்கையில் ஹெர்-2 என்ற வரியை முதலில் பாருங்கள். "2+" என்றிருந்தால் ஃபிஷ் பரிசோதனைக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எனக்கு அதிலேயே எட்டு நாள் போய்விட்டது.