வீட்டு டேகேர் அட்மிஷன் பேப்பர்ஸ், ஆறு வருஷமா நான் செஞ்சு பாத்தது

கலிஃபோர்னியால வீட்லயே சின்ன டேகேர் நடத்துறேன், 2019ல வாங்கின ஸ்மால் ஃபேமிலி லைசென்ஸ். புதுசா ஆரம்பிக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேரு கேக்குறது, "அக்கா, பேரண்ட்ஸ்கிட்ட பேப்பர்லாம் எப்படி வாங்குறீங்க?"ன்னு. என்னென்ன ஃபார்ம் வேணுங்கறது ஸ்டேட் லைசென்சிங் வெப்சைட்லயே இருக்கு, எல்லாமே ஃப்ரீ. அத எப்படி வாங்கறதுங்கறதுலதான் விஷயமே இருக்கு, மூணு விதமா செஞ்சு பாத்துட்டுதான் சொல்றேன்.

முத ரெண்டு வருஷம் பிடிஎஃப் எல்லாத்தையும் ஈமெயில்ல அனுப்பிட்டு காத்துட்டு இருப்பேன். பாதி திரும்பி வரும், மீதி முத நாள் காலைல வாசல்ல நின்னுக்கிட்டே எழுதுவாங்க, ஒரு பக்கம் குழந்தை அழுவும், இன்னொரு பக்கம் ஆபீஸ் மீட்டிங், அந்த அவசரத்துல டாக்டர் நம்பர்லாம் யாருக்கு ஞாபகம் வரும். அப்புறம் ஒரு ஆப் எடுத்தேன், மாசா மாசம் காசு, பாக்க அழகா இருந்துச்சு, கையெழுத்து கூட போன்லயே போட்டுடலாம். ஆனா யாரும் படிக்கவே இல்ல, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கிட்டு போயிட்டாங்க. ஆப்ப நிறுத்தினப்போ பழைய ஃபார்ம்ஸ டவுன்லோட் பண்ணி வாங்கறதுக்குள்ள ரெண்டு வாரம் ஆச்சு.

அதுக்கப்புறம் இப்ப வரைக்கும் பேப்பர்தான். குழந்தை சேர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி, சாயங்காலம் எல்லா பிள்ளைங்களும் கெளம்பினப்புறம், பேரண்ட்ஸ வர சொல்லி டைனிங் டேபிள்ல ஒக்காந்து ஒரு மணி நேரம் சேந்து எழுதுறோம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி பைண்டர். மூணுலயும் இதுதான் பெஸ்ட், சந்தேகமே இல்லாம சொல்லுவேன்.

மொதல்ல எல்ஐசி 700. (எல்ஐசின்னதும் நம்ம ஊர் இன்சூரன்ஸ் இல்ல, லைசென்சிங் ஃபார்ம் நம்பர் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.) எமர்ஜென்சிக்கு யார கூப்பிடணும், குழந்தைய யாரு கூட்டிட்டு போலாம் எல்லாம் இதுலதான். நம்ம வீடுகள்ல இங்கதான் சிக்கல். ஊர்லேந்து வந்திருக்கிற பாட்டிய, வீட்ல கூப்பிடற பேர மட்டும் போட்டு ஒரு அம்மா எழுதி குடுத்துட்டாங்க. பாட்டி பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வந்து நிக்கறாங்க, அதுல வேற பேரு. அம்மா மீட்டிங்ல, போன் எடுக்கல. இருபது நிமிஷம் அவங்கள உள்ள ஒக்கார வெச்சேன், ஆனா குழந்தைய அனுப்பல. "என் பேத்திய என்கிட்ட குடுக்க மாட்டியாம்மா"ன்னு கேட்டப்போ அவங்க கண்ணு கலங்கிடுச்சு, எனக்கும் அன்னிக்கு தூக்கமே வரல. செஞ்சது சரிதான், ஆனா அந்த நெலம அவங்களுக்கு வந்திருக்கவே கூடாது. அதுலேந்து தாத்தா பாட்டி யாரு வந்தாலும் பாஸ்போர்ட்ட பக்கத்துல வெச்சு எழுத்துக்கு எழுத்து அதப் பாத்துதான் எழுதுறோம்.

லாஸ்ட் நேமும் அப்படித்தான். குழந்தைக்கு அப்பா பேரு, அப்பாவுக்கு அவரோட அப்பா பேரு, அம்மாவுக்கு அவங்க அப்பா பேரு, ஒரே வீட்ல மூணு லாஸ்ட் நேம். எல்ஐசி 627னு ஒண்ணு, அவசரத்துக்கு ட்ரீட்மெண்ட் குடுக்க சம்மதம்னு, அத எழுதறப்போ இன்சூரன்ஸ் கார்டுல இருக்கிற ஸ்பெல்லிங்கையே பாத்து எழுதுங்க, கார்டு காப்பியும் பின்னாடியே வெச்சுடுங்க.

அதிக நேரம் எடுக்கறது தடுப்பூசி பேப்பர்தான், இத தயவுசெஞ்சு நிதானமா பாருங்க. ஊர்ல போட்ட கார்டுல தேதி முன்னாடி மாசம் பின்னாடி, இங்க மாசம் முன்னாடி. 2021 ஆகஸ்ட் 10ல பொறந்த குழந்தைக்கு 9 மாசத்துல அம்மை ஊசி போட்டிருக்காங்கன்னு வெச்சுக்கோங்க, கார்டுல 10/05/2022னு இருக்கும். அது மே 10. இங்க இருக்கறவங்க படிச்சா அக்டோபர் 5, ஒரு வயசு தாண்டி போட்ட மாதிரி ஆயிடும். கலிஃபோர்னியால எம்எம்ஆர்ங்கற அம்மை ஊசி மொத பர்த்டே அன்னிக்கோ அதுக்கப்புறமோ போட்டாத்தான் கணக்கு, 9 மாசத்துல போட்டது சேராது. ரெக்கார்டு சரியா இருக்கற மாதிரி தெரியும், ஆனா குழந்தைக்கு தேவையான டோஸ் இருக்காது. அதனால நான் மாசத்த எழுத்துலயே எழுதிட்டு, சந்தேகம்னா அவங்க பீடியாட்ரீஷியன்கிட்ட காமிச்சு வாங்கிட்டு வர சொல்லுவேன். 2016லேந்து சொந்த நம்பிக்கைன்னு சொல்லி ஊசி வேண்டாங்கற எக்ஸெம்ப்ஷனும் இங்க கிடையாது, அதையும் அப்பவே சொல்லிடுவேன்.

ஒரு வயசுக்குள்ள இருந்தா எல்ஐசி 9227, தூங்க வைக்கற ப்ளான். தூளி கட்டுவீங்களா, கடுகு தலகாணி குடுத்தனுப்பட்டுமா, போர்வை சுத்தி விடுங்கன்னு அம்மாக்கள் ஆசையா கேப்பாங்க. முடியாதுன்னு மட்டும் சொன்னா மனசு சங்கடப்படுவாங்க. மல்லாக்கதான் படுக்க வைக்கணும், க்ரிப்ல தலகாணி போர்வை எதுவும் இருக்கக் கூடாது, 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ நேர்ல போய் பாத்து எழுதி வைப்பேன்னு அந்த நோட்டையே எடுத்து காட்டுவேன். அத பாத்தப்புறம் யாரும் திரும்ப கேட்டதில்ல. ஈமெயில்ல அனுப்பின காலத்துல இந்தப் பேச்சே நடந்ததில்ல.

மத்ததெல்லாம் சீக்கிரம் முடியும். பேரண்ட்ஸ் ரைட்ஸ் 995ஏ, ஒரு காப்பி அவங்களுக்கு, கையெழுத்து போட்ட பகுதி நமக்கு. லெட், அதாவது ஈயம், அது பத்தின நோட்டீஸ். மருந்து குடுக்கணும்னா 9221, அது இல்லாம நான் பாட்டில தொடவே மாட்டேன். நம்மகிட்ட லயபிலிட்டி இன்சூரன்ஸ் இல்லேன்னா பேரண்ட்ஸ்கிட்ட 282ல கையெழுத்து வாங்கணும், ஆனா முடிஞ்சா இன்சூரன்ஸ் எடுத்துடுங்க.

ஸ்டேட் கேக்காத ஒண்ணும் பைண்டர்ல வெச்சிருக்கேன், டாக்ஸுக்கான டபிள்யூ-10 ஃபார்ம். டேகேர் செலவ க்ளெய்ம் பண்ண பேரண்ட்ஸ்க்கு நம்ம டாக்ஸ் நம்பர் வேணும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர குடுக்காம ஐஆர்எஸ் (இங்க இருக்கற டாக்ஸ் டிபார்ட்மெண்ட்) வெப்சைட்ல இஐஎன்னு தொழிலுக்கான டாக்ஸ் நம்பர் வாங்கி அத குடுங்க, அதுவும் ஃப்ரீதான். சேரும்போதே குடுத்துட்டா டாக்ஸ் சீசன்ல நைட்டு மெசேஜ் வராது.

வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜனவரிலயும் ஆகஸ்ட்லயும், எல்ஐசி 700அ மட்டும் எடுத்து பிக்அப் நேரத்துல பேரண்ட்ஸ் கைல குடுத்து படிக்க சொல்லுவேன். போன ஆகஸ்ட்ல ஆறு பேர்ல ரெண்டு பேருக்கு ஆபீஸ் நம்பரே மாறியிருந்துச்சு, ஒருத்தர் வேலை மாறி நாலு மாசம் ஆச்சாம்.