எடைக்குறைப்பு ஊசியும் இடியப்பத் தட்டும்: வெள்ளவத்தைக் கிளினிக் ஒன்றின் மதிப்பீடு

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் இயங்கும் தனியார் எடைக்குறைப்புக் கிளினிக்கில் கடந்த ஆண்டு முதல் சிகிச்சை பெற்று வருகிறேன். பாராட்டோடு குறைகளையும் சொல்லவிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். வாரம் ஒருமுறை போடும் ஊசிக்காகவே பெரும்பாலானோர் அங்கு வருகிறார்கள். ஆனால் கொடுக்கும் பணத்துக்கு உண்மையான பெறுமதி ஊசிக்கு வெளியே உள்ள பகுதியில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

முதற் சந்திப்பிலேயே மருந்துச் சீட்டு எழுதித் தரவில்லை என்பதை அந்த இடத்தின் தகுதிக்குச் சான்றாகக் கொள்கிறேன். நிறை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்த பின்னர், சீனி, சிறுநீரகம், ஈரல் தொடர்பான பரிசோதனைகளுக்கு அனுப்பினார்கள். கணையத்தில் அழற்சி வந்ததுண்டா, பித்தப்பையில் கல் இருந்ததா, குடும்பத்தில் எவருக்கேனும் மெடுலரி வகைத் தைரோயிட் புற்றுநோய் இருந்ததா என்று வைத்தியர் ஒவ்வொன்றாக விசாரித்தார். உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டியைக் (BMI) கணித்தபோது, ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்றும், 27.5 ஐத் தாண்டினால் அது உயர்ந்த ஆபத்து என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவொன்று 2004 இல் வகுத்த அளவுகளையும் விளக்கினார்.

எனக்குத் தரப்படுவது செமாகுளுடைட். உணவு உட்கொண்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோனைப் போலச் செயற்பட்டு, மூளையில் பசியுணர்வைத் தணித்து, இரைப்பை வெறுமையாவதையும் தாமதப்படுத்தும் மருந்து இது. 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கூட்டி, உடல் தாங்கினால் 2.4 மில்லிகிராம் வரை கொண்டு செல்வது வழக்கம். 2021 இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக ஏறத்தாழ 15 சதவீத எடை குறைந்தது. மருந்தற்ற ஊசி போட்டவர்களின் எடை 2.4 சதவீதமே குறைந்தது. விளம்பரங்கள் இந்த எண்களோடு நின்றுவிடுகின்றன. அந்த ஆய்வில் இரு தரப்பினருக்கும் உணவுக் கட்டுப்பாடும், வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் அறிவுறுத்தப்பட்டிருந்தன என்பதையும், மருந்தையும் அந்த ஆலோசனையையும் நிறுத்தி ஓராண்டு சென்றபோது குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது என்பதையும் எங்கள் வைத்தியர் தாமாகவே முன்வந்து சொன்னார். வியாபாரத்துக்குப் பாதகமான உண்மையை முதல் நாளிலேயே சொல்லும் இடத்தை நம்பலாம்.

போசணை ஆலோசகரோடு கழிந்த நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஓட்ஸும் புரொக்கோலியும் நிறைந்த அட்டவணையொன்றை நீட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ வீட்டில் யார் சமைக்கிறார்கள், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, வேலைத்தலத்தில் தேநீரோடு என்ன கடிக்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அவருடைய முதல் விதி தட்டில் எதை முதலில் உண்பது என்பது பற்றியது. ஊசியால் பசி சுருங்கும்போது நம்மவர்கள் இடியப்பத்தையும் சொதியையும் நான்கு வாய் உண்டுவிட்டுக் கையைக் கழுவிவிடுவதாகவும், அதனால் புரதம் போதாமற்போய்க் கொழுப்போடு தசையும் கரைவதாகவும் அவர் விளக்கினார். எனவே மீன், முட்டை, பருப்பு, கடலை ஆகியவற்றுள் ஏதாவதொன்றை முதலில் முடித்து, பிறகு மரக்கறி, கடைசியாக இடியப்பம் அல்லது சோறு. குரக்கன் பிட்டும் சிவப்பரிசிச் சோறும் அளவோடு அனுமதிக்கப்பட்டன. நாளுக்குப் பல தடவை குடித்த சீனித் தேநீர் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. கலியாண வீட்டுப் பந்தியையும் கோயில் அன்னதானத்தையும் தவிர்க்கும்படி ஒருமுறையேனும் சொல்லாததால், அவர் நம் ஊர் வாழ்க்கையை அறிந்தவர் என்று நம்பிக்கை பிறந்தது.

உடற்பயிற்சிக்கும் அதே நடைமுறைப் பார்வைதான். மாலையில் மரைன் டிரைவ் வழியாக வேகநடை, வாரத்தில் இரு நாட்கள் இறப்பர்ப் பட்டியைக் கொண்டு தசைப் பயிற்சி. செமாகுளுடைட்டின் குடும்பத்தைச் சேர்ந்த லிராகுளுடைட் மருந்தை வைத்து டென்மார்க்கில் நடந்த ஆய்வொன்றிலும், சிகிச்சை முடிந்து ஓராண்டான பின்பு, மருந்தை மட்டும் எடுத்தவர்களை விட மருந்தோடு பயிற்சியும் செய்தவர்களே குறைந்த எடையைக் கூடுதலாகக் காத்துக்கொண்டார்கள்.

குறைகளும் சிறியவையல்ல. மருந்தின் அளவைக் கூட்டிய வாரங்களில் ஓங்காளமும் மலச்சிக்கலும் வந்தபோது தொலைபேசியில் பதில் சொல்ல எவருமில்லாமல், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க நேர்ந்தது. கையேடுகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. சமைப்பவர் அம்மாவாக இருக்கும் வீடுகளில் அவற்றால் என்ன பயன்? ஆலோசனை, பரிசோதனை, ஊசிப் பேனை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டு வருவதால், மாத முடிவில்தான் மொத்தச் செலவு தெரிகிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, மருந்தை நிறுத்துவது அல்லது குறைப்பது குறித்து எழுத்தில் எந்தத் திட்டமும் இல்லாமை. கேட்டபோது, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எடை திரும்பும் என்று தாமே எச்சரித்த இடத்திலிருந்து இத்தகைய பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

ஊசியை மட்டும் மலிவாக எங்காவது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போலிச் செமாகுளுடைட் பேனைகள் பல நாடுகளில் பிடிபட்டதையடுத்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூன் மாதத்தில் எச்சரிக்கை விடுத்திருந்தது. திறக்காத பேனையை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்திருக்கவும் வேண்டும். இணையத்தில் ஆளறியாதவர் பையில் போட்டுக் கொண்டுவரும் பொருளுக்கு அந்த உத்தரவாதம் ஏது? உள்ளூரில் பதிவுபெற்ற பாமசியில், மருந்துச் சீட்டைக் காட்டி, பற்றுச்சீட்டோடு வாங்குவதே பாதுகாப்பு.

சமையலையும் நடையையும் மாற்ற ஆயத்தமாக இருப்பவர்களுக்கு இந்தக் கிளினிக்கைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஊசி மட்டும் போதும் என்போர் போசணை ஆலோசகருக்கான கட்டணத்தை வீணாகச் செலுத்துவார்கள். போகிறவர்கள் சனிக்கிழமை காலையைத் தவிர்ப்பது நல்லது. குறித்த நேரத்துக்கு உள்ளே அழைக்கப்படுவது அன்று அரிது.