மஞ்சள் அலகா, கறுத்த அலகா: பழைய பிலிப்பைன்ஸ் குத்துவாளில் எதை முதலில் வாங்குவது?

மணிலாவின் எர்மிட்டா பக்கம் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கியபோது என்னை முதலில் இழுத்தது மஞ்சள் அலகுதான். பித்தளை அலகு, எருமைக் கொம்புப் பிடி, மர உறை. பக்கத்திலேயே துருக்குழி விழுந்த ஒரு எஃகுக் கத்தி கிடந்தது; அதைக் கையில் எடுக்கக்கூடத் தோன்றவில்லை. இன்று யாராவது யோசனை கேட்டால், முதல் கத்தியாக அந்தக் கறுப்பைத்தான் கைகாட்டுவேன்.

அந்தக் கறுப்புக்குப் பெயர் குனோங். பிலிப்பைன்ஸின் தெற்கே மிந்தனாவோ, சூலு தீவுகளில் வாழும் முஸ்லிம்களான மோரோ மக்களுடைய கத்தி. அவர்களுடைய பெரிய வாள் கிரிஸ் என்றால், இது அதன் குட்டித் தம்பி. இருபுறமும் கூர், இடுப்புத் துணியில் செருகிக்கொள்ளும் அளவு. அலகு எஃகு, பித்தளையும் செம்பும் வருவது பிடியின் பூணிலும் காப்பிலும்தான். எஃகில் எனக்குப் பிடித்தது, அதனால் வயதை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது என்பதே. தீட்டித் தீட்டி ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். அடுக்கடுக்காக வைத்து அடித்த இரும்பாக இருந்தால், எலுமிச்சைச் சாறு பட்டதும் மரத்தின் ரேகைபோல வரி எழும்பும். துருவும் தோலில் படிந்ததுபோல் மேலாக நிற்காது, குழி பறித்து உள்ளே இறங்கியிருக்கும். பின்னாளில், பயணிகளுக்கு விற்பதற்கென்றே பெரிதாக, வளைவு வளைவாக, அலகெல்லாம் பித்தளைப் பூவேலையோடு செய்த குனோங்குகளும் உண்டு. அழகுதான், ஆனால் அது வேறு பொருள், வேறு விலை.

இப்போது பித்தளைக்கு வருவோம். ஆயுதமாகப் பார்த்தால் பித்தளை அலகுக்கு அர்த்தமே இல்லை. எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும். பித்தளைக்கு அந்தக் குணம் கிடையாது. சுத்தியலால் தட்டித்தான் கொஞ்சம் விறைப்பேற்ற முடியும், கூரும் சீக்கிரம் மடங்கிவிடும். பிறகு எதற்குச் செய்தார்கள்?

கடைக்காரர்களிடம் இரண்டு கதைகள் தயாராக இருக்கும். ஒன்று தாயத்துக் கதை. பிலிப்பைன்ஸில் அகிமாத், ஆந்திங்-ஆந்திங் என்று வழங்கும் தாயத்து மரபு பழமையானது. சிதைந்த லத்தீன் பொறித்த பித்தளை வில்லைகள் இன்றும் மணிலாவின் கியாப்போ தேவாலய வாசலில் விற்கின்றன. ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து 1892இல் தொடங்கிய கத்திபுனான் புரட்சி இயக்கத்தாரும் இப்படித் தாயத்து அணிந்தார்கள். பித்தளைக் கத்தியும் அந்த வழியில் வந்தது, பேய் பிசாசுக்கு எதிரானது என்பார்கள். இரண்டாவது போர்க் கதை: 1944-45இல் அமெரிக்கப் படைகள் திரும்பி வந்தபோது கிடைத்த தோட்டா உறைகளை உருக்கி, சிப்பாய்களுக்கு நினைவுப்பொருளாகச் செய்தது என்று. இரண்டுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் கதை கடைக்காரர் வாயில் இருக்கிறதே தவிர உலோகத்தில் இல்லை. இந்தக் கத்திதான் அது என்று காட்ட அலகில் ஏதாவது இருக்க வேண்டுமே!

பித்தளையின் வம்பே அதுதான். சுமார் 900 முதல் 950 டிகிரிக்குள் உருகிவிடும். இரும்புக்கு 1,538 வேண்டும். அதனால் பழைய காங்கு (தட்டி ஒலிக்கும் மணித்தட்டு), உடைந்த பாத்திரம் எல்லாவற்றையும் உருக்கித் திரும்ப வார்ப்பது சின்ன உலையிலேயே நடக்கும். லானாவோ ஏரிக்கரையில் உள்ள துகாயா ஊர், மெழுகில் அச்செடுத்து வார்க்கும் பித்தளை வேலைக்கே பேர்போனது. அப்படி வார்த்தால் உலோகம் நூறு வயதாக இருக்கும், கத்தி போன மாதத்தையதாக இருக்கும். காடியும் உப்பும் போட்டு வைத்தால் களிம்பும் சில நாளில் பூத்துவிடும்.

ஆகவே பித்தளையில் அலகைப் பார்த்து ஏமாறாமல் பிடியைப் பாருங்கள். என்னிடம் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். கொம்பு காய்ந்து சுருங்கியதில், பூணுக்கும் அதற்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. அந்த இடுக்கில் கறுத்த அழுக்கு. ஊசியால் கீறினால் பொடியாக உதிர்கிறது. பெருவிரல் படும் இடம் மட்டும் வழவழப்பாகக் குழிந்திருக்கிறது. உறைக்குள் டார்ச் அடித்தால் மரத்தில் பச்சைக் கறை, அலகின் வடிவத்திலேயே. இதையெல்லாம் ஒரே இரவில் செய்ய முடியாது. இதற்கு எதிர்மாறாக, பிடி புதிதாக மினுங்கி அலகு மட்டும் பச்சை பிடித்திருந்தால் நான் கீழே வைத்துவிடுவேன். ஒரு காந்தமும் பையில் இருக்கட்டும். பித்தளை முலாம் பூசிய இரும்பு அதில் உடனே மாட்டிக்கொள்ளும்.

செம்பு அலகு அபூர்வம். பித்தளையைவிட மிருது, கையால் அழுத்தினாலே வளையக்கூடியது. வடக்கு லூசோன் மலைகளில், மங்காயான் பக்கம், ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இகொரோட் மக்கள் செம்பை வெட்டி உருக்கினார்கள். ஸ்பானியச் செப்புக் காசுகளுக்குக் கள்ளக்காசு அடிக்கும் அளவுக்குத் தேர்ந்தவர்கள்! ஆனால் மலையில் செம்பு கிடைத்தது என்பதற்காக ஒவ்வொரு செம்புக் கத்தியும் மலையிலிருந்து இறங்கியதாகிவிடாது. அவர்களுடைய பேர்பெற்ற கோடரியும் ஈட்டியும் இரும்பு முனை கொண்டவை. (மலாய் மொழியில் செம்புக்கு தெம்பாகா என்று பெயர், நம் தாமிரத்துக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான்.) செம்பில் நான் தேடுவது சுத்தியல் தடம். வார்த்துவிட்டு அரத்தால் ராவியதைவிட, தட்டி நீட்டியதற்கு மதிப்பு அதிகம்.

பராமரிப்பில் பித்தளைக்கும் செம்புக்கும்தான் வெற்றி. எஃகுக்கு மணிலாவின் ஈரக்காற்றில் எண்ணெய் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பித்தளையையும் செம்பையும் வீட்டுக் குத்துவிளக்கைப்போல நினைத்துப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். இருந்த கொஞ்சநஞ்ச சாட்சியும் சாக்கடையில் போய்விடும்.

எது வாங்கினாலும் ரசீது கேளுங்கள். பிலிப்பைன்ஸின் குடியரசுச் சட்டம் 10066, 2010இல் கையெழுத்தானது. பண்பாட்டுச் சொத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு விதிக்கிறது, தேசிய அருங்காட்சியகத்தில் விசாரித்துவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும். பிடி தந்தம்போல வெளுத்திருந்தால் இன்னும் உஷார்: அது ஆவுளியா என்னும் கடற்பசுவின் தந்தமாக இருந்தால் எல்லை தாண்டுவது மிகக் கடினம். குனோங்குக்கும் பித்தளைக்கும் ஒரே விலை சொன்னால் குனோங்கை எடுங்கள். பித்தளைக்குக் கதையைச் சேர்த்து இரட்டை விலை சொன்னால், கதையை ரசித்துக் கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம்.